ஆறக் கூடாத புண்: கண் அழுத்த நோய் அறுவையில் தழும்புத் தடுப்பு மருந்துகளின் வரலாறு

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத் தென்கேரளத்திலிருந்து மட்டுமன்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். புற்றுநோய் மருத்துவம் பல பத்தாண்டுகளாகக் கையாண்டுவரும் மருந்துகளில் இரண்டு, 5-ஃப்ளூரோயூராசிலும் மைட்டோமைசினும். கட்டுக்கடங்காமல் பெருகும் செல்களின் பெருக்கத்தை நிறுத்துவதே இவற்றின் வேலை. அதே நகரின் கண் அறுவை அரங்குகளிலும் இம்மருந்துகளுக்கு இடம் உண்டு. ஆனால் அங்கே மேசைமேல் படுத்திருப்பவருக்குப் புற்றுநோய் இல்லை. அவருடைய கண்ணில் கட்டி எதுவும் இல்லை. அறுவையால் உண்டான புண் வழக்கம்போல் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மருந்து அங்கே வந்திருக்கிறது.

புண்ணை ஆற்றுவதே மருத்துவம் என்று நம்பும் எவருக்கும் இது முரணாகத் தோன்றும். கண் அழுத்த நோய் அறுவையின் நூறாண்டு வரலாறு முழுவதும் இந்த முரணுக்குள்தான் நடந்திருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு முனை 1909இல் சென்னையில் இருக்கிறது. இன்னொரு முனை 1990களில் மதுரையில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. தழும்பை அடக்கியதால் கிடைத்த பயன் உடனடியாகத் தெரிந்தது. அதன் விலை ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் அறுவை செய்தவரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் செலுத்தப்பட்டது.

முதலில் நோயின் இயல்பு. கருவிழிக்கும் விழிலென்சுக்கும் இடைப்பட்ட அறைகளை ஒரு தெளிந்த நீர் நிரப்பியிருக்கிறது. கண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணின் உள்ளேயே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் இது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து, இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிவும் சமமாக இருக்கும்வரை கண்ணின் உள்ளழுத்தம் பெரும்பாலோருக்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் தடைபட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பின் இழைகளைச் சிறிது சிறிதாக அழிக்கும். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்குவதால், நடுப்பார்வை தெளிவாக இருக்கும் நோயாளிக்கு நெடுநாள் எதுவும் தெரியாது. இந்தியாவில் மக்களிடையே நடத்தப்பட்ட கணக்கெடுப்புகள், இந்நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை என்று காட்டின. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்க அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

சொட்டு மருந்தாலும் லேசராலும் அழுத்தம் அடங்காதபோது அறுவை வருகிறது. கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு துளையிட்டு, உள்ளிருக்கும் நீர் வெளியேறப் புதிய வழி அமைப்பதே அதன் உத்தி. வெளியேறும் நீர் நேரே வெளியே கொட்டிவிடக் கூடாது. வெள்ளைச் சுவரைப் போர்த்தியிருக்கும் இமையிணைப் படலம் என்னும் மெல்லிய சவ்வுக்கு அடியில் அது தேங்கி, மேல் இமையின் மறைவில் ஒரு சிறு நீர்க்கொப்புளமாக எழும்பி, அங்கிருந்து மெல்ல உறிஞ்சப்பட வேண்டும். மருத்துவர்கள் அதை ‘பிளெப்’ என்று அழைக்கின்றனர். அக்கொப்புளம் நிலைத்தால் அறுவை வெற்றி. உடல் தன் இயல்புப்படி துளையை அடைத்துத் தழும்பாக்கிவிட்டால் அறுவை தோல்வி.

இந்த உத்திக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் இட்ட பெயர் கவனிக்கத்தக்கது: ‘வடிகட்டும் தழும்பு’. தழும்பு என்றாலே மூடியது, முடிந்தது என்று பொருள். மூடாமலே இருக்கும் தழும்பு என்பது சொல்லளவிலேயே ஒரு முரண். தமிழில் ‘வடு’ என்னும் சொல் தழும்பையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும், மாவடுவில் வருவதுபோல முற்றாத பிஞ்சையும் குறிக்கும். கண் அழுத்த நோய் அறுவை வேண்டுவது கடைசிப் பொருளை ஒத்த ஒரு வடுவைத்தான்: ஒருபோதும் முற்றாத வடு.

அந்தப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய ஒரு குறிப்பு 1909 டிசம்பரில் ‘ஆப்தால்மோஸ்கோப்’ என்னும் ஆங்கில மருத்துவ இதழில் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் ஹென்றி எலியட். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த அவர் அப்போது சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1819இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. எழும்பூரில் இன்றும் இயங்கி வருகிறது. எலியட் கண்டறிந்த முறை எளியது. இமையிணைப் படலத்தை மேலிருந்து கீழாக உரித்து மடித்து, கருவிழியும் வெள்ளைச் சுவரும் கூடும் விளிம்பில் வட்ட வாய் கொண்ட ஒரு சிறு துளைக்கருவியால் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலத் துளையிட்டு, சவ்வை மீண்டும் மேலே போர்த்திவிடுவது. ஏறக்குறைய அதே காலத்தில் கிளாஸ்கோவில் ஃபிரீலேண்ட் ஃபெர்கஸும் துளையிடும் முறையொன்றைச் செய்தார். ஆயினும் சென்னையின் பெரும் நோயாளர் கூட்டத்தில் அதைத் திரும்பத் திரும்பச் செய்து, நெறிப்படுத்தி, 1913இல் தனி நூலாகவே எழுதியவர் எலியட். அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகெங்கும் இம்முறை அவர் பெயராலேயே வழங்கியது.

எலியட்டின் துளை சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவியது. நீரின் ஓட்டத்துக்கு இடையில் தடை எதுவும் இல்லை. ஆகவே அழுத்தம் நன்றாக இறங்கியது. அதோடு வேறு சிலவும் நேர்ந்தன. சில கண்களில் நீர் மிகுதியாக வெளியேறி, முன்னறை தட்டையாகி, கண்ணே தளர்ந்தது. வேறு சில கண்களில் துளையின் மேலிருந்த சவ்வு ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்து, இரத்தநாளங்கள் அற்று, கண்ணாடி போன்ற பையாக மாறியது. அந்த மெல்லிய சுவர் ஒருநாள் கசியும். கசிந்த வழியே கிருமி உள்ளே நுழையும். எதிருயிரி மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் கண்ணுக்குள் சீழ் வைத்தால் கண் போயிற்று. ‘தாமதத் தொற்று’ என்னும் பெயரில் இச்சிக்கல் 1910களிலேயே கண் மருத்துவ இதழ்களில் விவாதிக்கப்பட்டது. அறுவை முடிந்து நெடுங்காலம் கழித்து, எல்லாம் நலமாக இருக்கும்போது வருவதே அதன் தனித்தன்மை. மாதங்களும் ஆண்டுகளும் கழித்து வரும் ஒரு சேதத்தை அன்றைய மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு அளப்பது எளிதன்று.

இந்தப் பின்னணியில்தான் 1968இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜே. இ. கெயின்ஸ் அறிவித்த டிராபெகுலெக்டமியைப் புரிந்துகொள்ள வேண்டும். கெயின்ஸ் முழுத்தடிமன் துளையைக் கைவிட்டார். வெள்ளைச் சுவரில் பாதித் தடிமனுக்கு ஒரு மடிப்பைக் கதவுபோல் எழுப்பி, அதனடியில் வடிகால் திசுவின் சிறு துண்டை வெட்டியெடுத்து, கதவை மீண்டும் தைத்து மூடினார். இயற்கையான வடிகால் குழாயின் வெட்டுண்ட முனைகளுக்குள் நீர் நேரே செல்லும், கொப்புளமே எழாது என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால் வெற்றி பெற்ற கண்களில் பெரும்பாலும் கொப்புளம் எழுந்தது. நீர் கதவின் விளிம்புகள் வழியே கசிந்து சவ்வுக்கு அடியில்தான் சென்றுகொண்டிருந்தது. கருத்து பிழைத்தாலும் முறை நிலைத்தது. கதவு நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தியதால் கண் தளர்வதும் குறைந்தது, கொப்புளமும் தடித்துப் பாதுகாப்பாக இருந்தது. எலியட்டின் துளைக்கருவி மெல்ல அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது. நீரின் ஓட்டம் குறைந்த இடத்தில் தழும்பு எளிதில் வென்றது. காயம்பட்டவுடன் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் நார்த்திசுச் செல்கள் அங்கே குவிகின்றன, பெருகுகின்றன, கொலாஜன் இழைகளை நெய்கின்றன, இழைகளைச் சுருக்கி இறுக்குகின்றன. காலில் பட்ட வெட்டுக்கு இது வரம். வடிகால் கதவுக்கு இதுவே பூட்டு. முன்பே ஒருமுறை அறுவை செய்து தோற்ற கண், கண்புரை அறுவை செய்யப்பட்ட கண், அழற்சியுற்ற கண், இளவயதினர் கண், பல்லாண்டு சொட்டு மருந்தால் சிவந்த கண் ஆகியவற்றில் பூட்டு விரைவாக விழுந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் தழும்பு மிகுதி என்பதும் பதிவாயிற்று. கை தேர்ந்த மருத்துவரும் உடலின் இயல்போடு போரிட முடியவில்லை. அப்போதுதான் சிலருடைய பார்வை புற்றுநோய் மருந்துகளின் பக்கம் திரும்பியது. பெருகும் செல்லை நிறுத்துவதே தேவையென்றால், அதற்கான மருந்து ஏற்கெனவே அலமாரியில் இருந்தது.

5-ஃப்ளூரோயூராசில் 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹைடல்பெர்கரின் குழுவால் அறிமுகமானது. சில கட்டிகளின் செல்கள் யூராசில் என்னும் மூலப்பொருளை மிகுதியாக எடுத்துக்கொள்வதைக் கண்டு, அதைப்போலவே தோன்றும் ஒரு போலியை அவர்கள் உருவாக்கினர். செல் அதை நம்பி ஏற்கிறது. டி.என்.ஏ. படைப்பதற்கான தைமிடின் உற்பத்தி நின்றுபோகிறது. செல்லால் இரண்டாகப் பிரிய முடிவதில்லை. 1984இல் அமெரிக்காவின் மயாமியில் ரிச்சர்ட் பாரிஷும் உடனிருந்தோரும் முதலில் விலங்குகளிலும் பிறகு நோயாளிகளிடமும் இதைக் கண் அழுத்த நோய் அறுவைக்குப் பின் செலுத்திப் பார்த்த முடிவுகளை வெளியிட்டனர்.

அதைத் தொடர்ந்து பல மையங்கள் இணைந்து நடத்திய ஆய்வில், அறுவை தோற்கும் வாய்ப்பு மிகுந்த 213 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். மருந்துப் பிரிவினருக்கு முதல் வாரம் நாளுக்கு இருமுறை, இரண்டாம் வாரம் நாளுக்கு ஒருமுறை என மொத்தம் 21 ஊசிகள் கண்ணின் சவ்வுக்கு அடியில் போடப்பட்டன. 1989இல் வெளியான ஓராண்டு முடிவு தெளிவாக இருந்தது: மருந்து பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் அறுவை தோற்றது. 1996இல் ஐந்தாண்டு முடிவு வந்தபோது இவ்விகிதங்கள் 51, 74 என உயர்ந்திருந்தன. மருந்தின் பயன் நின்றது, ஆனால் தேய்ந்தும் போயிருந்தது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கொப்புளம் காலம் தாழ்த்திக் கசிவது மருந்துப் பிரிவில் அதிகம். ஆகவே அறுவை எளிதில் வெற்றிபெறக் கூடிய கண்களில் இம்மருந்தை வழக்கமாகப் பயன்படுத்துவது தகாது. எவருக்குத் தருவது என்பதைப் போலவே எவருக்குத் தரக் கூடாது என்பதும் ஓர் ஆய்வின் முடிவாக அங்கே எழுதப்பட்டது.

ஊசிகளின் வேதனையும் அன்றாட இடரும் தனி. கருவிழியின் மேல்தோல் செல்களும் வேகமாகப் பிரிபவை. மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் தெரியாது. ஆதலால் பல கண்களில் கருவிழியின் மேல்தோல் உரிந்து புண்ணாயிற்று.

மைட்டோமைசினின் பாதை வேறு. 1950களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். கரைத்தால் ஊதா நீலமாகத் தோன்றும் அப்பொருள் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடுகிறது. பிரிய முடியாத இழைகளைக் கொண்ட செல் பெருக முடியாது. 5-ஃப்ளூரோயூராசில் செல் பிரியத் தயாராகும் கட்டத்தில்தான் முக்கியமாகத் தாக்கும். மைட்டோமைசின் எந்தக் கட்டத்திலும் தாக்கும். அதன் விளைவும் நெடிது. ஜப்பானியக் கண் மருத்துவர்கள் 1960களிலேயே கண்ணில் வளரும் சதைப் படர்ச்சி திரும்ப வராதிருக்க இதைப் பயன்படுத்தியிருந்தனர். 1983இல் தைவானைச் சேர்ந்த சென் என்னும் மருத்துவர் டிராபெகுலெக்டமியின்போது இதைத் தடவிப் பெற்ற பயனை ஆசிய பசிபிக் கண் மருத்துவ அகாதெமியின் வெளியீட்டில் அறிவித்தார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைப் பரவலாகக் கவனிக்க 1990கள் வரவேண்டியிருந்தது.

மைட்டோமைசினின் பெருங்கவர்ச்சி அதன் எளிமையில் இருந்தது. இரண்டு வார ஊசிகள் தேவையில்லை. மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் சிறு பஞ்சுத் துண்டை நனைத்து, சவ்வுக்கு அடியில் ஒன்று முதல் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, உப்பு நீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். அவ்வளவே. அந்தச் சில நிமிடங்களின் விளைவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சிக்கல்களின் வேரும் அதே நீடிப்பில்தான் இருந்தது.

1990களின் இதழ்களைப் புரட்டினால் அச்சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுவதைக் காணலாம். முதலாவது, அழுத்தத் தாழ்வு. நீர் மிகுதியாக வடிந்து அழுத்தம் மிகவும் இறங்கினால், காற்று இறங்கிய பந்தின் தோல்போல விழித்திரையின் மையப்பகுதி மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். நரம்பைக் காக்கச் செய்த அறுவை நடுப்பார்வையைக் கெடுக்கும். கிட்டப்பார்வையுள்ள இளைஞர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. நீரைச் சுரக்கும் திசுவையே மருந்து தாக்கக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. இரண்டாவது, மெலிந்த கொப்புளம். மருந்து பட்ட இடத்தில் இரத்தநாளங்கள் மறைந்து, சவ்வு வெளுத்து, கண்ணாடிபோல் ஆயிற்று, பின்னர் கசிந்தது. மூன்றாவது, தொற்று. கொப்புளத்தில் தொடங்கும் அழற்சி சில மணி நேரங்களில் கண்ணின் உள்ளே பரவக்கூடும். இமையின் மறைவு இல்லாத கீழ்ப்பகுதியில் கொப்புளம் அமைந்த கண்களில் இவ்வாபத்து பல மடங்கு எனத் தெரிந்தபின், அங்கே இம்மருந்துடன் அறுவை செய்வது ஏறக்குறையக் கைவிடப்பட்டது. இவை தவிர, டிராபெகுலெக்டமிக்குப் பின் கண்புரை விரைவதும் உண்டு. மருந்து தவறி முன்னறைக்குள் புகுந்தால் கருவிழியின் உட்புறச் செல்கள் மீளாதபடி அழியும்.

வெளுத்த, மெலிந்த, இரத்தநாளமற்ற, கசியும், காலம் தாழ்த்தித் தொற்றும் கொப்புளம். இந்த விவரிப்பு 1910களின் துளை அறுவைக்கும் பொருந்தும், 1990களின் மைட்டோமைசினுக்கும் பொருந்தும். கெயின்ஸ் ஒரு கதவை வைத்துத் தவிர்த்ததை மருந்து வேறு வழியில் திரும்பக் கொண்டுவந்தது. எலியட் காலத்தில் சுவரில் தடை இல்லை. மைட்டோமைசின் காலத்தில் தடை செய்யும் திசு வளரவில்லை. முடிவு ஒன்றே. சென்னையில் தொடங்கிய முறை கற்பித்த பாடம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் புதிய பெயரில் மறுபடி கற்கப்பட்டது.

மறுபடி கற்றவர்களில் மதுரைக்கு முக்கிய இடம் உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1990களில் உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. மைட்டோமைசின் எவ்வளவு செறிவில், எத்தனை நிமிடம் வைக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கு அப்போது உறுதியான விடை எங்கும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் பழக்கத்தைப் பின்பற்றினர். அமெரிக்காவின் ஆலன் ராபினும் அரவிந்தின் ஆர். ராமகிருஷ்ணன், ஆர். கிருஷ்ணதாஸ் முதலியோரும் சேர்ந்து, வெவ்வேறு அளவுகளையும் மருந்தில்லாக் கரைசலையும் ஒப்பிட்டு நடத்திய நெடுங்கால ஆய்வு 1997இல் ‘ஆர்கைவ்ஸ் ஆஃப் ஆப்தால்மாலஜி’ இதழில் வெளிவந்தது. மருந்து பெற்ற கண்களில் அழுத்தம் கூடுதலாக இறங்கியது என்பது அதன் ஒரு முடிவு. அதைவிட முக்கியமானது ஆய்வின் கேள்வியே. ‘மருந்து வேலை செய்கிறதா’ என்பதைத் தாண்டி, ‘எவ்வளவு குறைவாக வைத்தால் போதும்’ என்று கேட்கும் முதிர்ச்சி அதில் இருந்தது.

அளவு பற்றிய அக்கறை வெறும் கோட்பாடு அன்று. புற்றுநோய்க்காகத் தயாரான குப்பியைக் கண்ணுக்கேற்ற செறிவுக்கு அரங்கத்திலேயே கரைப்பது பல இடங்களில் வழக்கம். 2 மில்லிகிராம் தூளை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் செறிவு 0.2. கைதவறி 5 மில்லிலிட்டரில் கரைத்தால் அது 0.4. பார்வைக்கு இரண்டும் ஒரே ஊதா நிறம். கண் அழுத்த நோய் அறுவைக்கென்றே அளந்து அடைத்த மைட்டோமைசினுக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் தந்தது 2012இல்தான். சென்னின் அறிவிப்புக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள்.

இதற்கிடையே லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் பெங் காவ் சிக்கலின் வடிவத்தையே ஆராய்ந்தார். மருந்தைச் சிறு வட்டத்தில் மட்டும் வைத்தால், வட்டத்துக்குள் சவ்வு மெலிகிறது. வட்டத்தைச் சுற்றி மருந்து படாத திசு தடித்த தழும்பு வளையமாக இறுகுகிறது. அதை அவர் எஃகு வளையம் என்றார். நீர் அந்த வளையத்தைத் தாண்ட முடியாமல் நடுவிலேயே அழுத்த, மெலிந்த இடம் மேலும் மெலிகிறது. ஆகவே குறைந்த செறிவை அகன்ற பரப்பில் பின்னோக்கிப் பரப்புவது, சவ்வை ஓரத்திலிருந்து திறப்பது, கதவின் தையலைப் பிறகு தளர்த்தக்கூடியதாகப் போடுவது ஆகிய மாற்றங்கள் வந்தன. அதே மருந்து, வைக்கும் முறை மாறியபோது, தடித்துப் பரவிய, பாதுகாப்பான கொப்புளத்தைத் தந்தது.

மருந்தையே மாற்றும் முயற்சியும் நடந்தது. தழும்பைத் தூண்டும் டி.ஜி.எஃப். பீட்டா 2 என்னும் புரதத்தை மட்டும் தடுக்கும் ஓர் எதிர்ப்புரதம் உருவாக்கப்பட்டது. செல்லைக் கொல்லாமல் செய்தியை மட்டும் மறிக்கும் நுட்பமான கருத்து அது. 2007இல் வெளியான பெரிய ஆய்வில் மருந்தில்லாக் கரைசலைவிட அது சிறந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு வழி, கொப்புளத்தைக் கண்ணின் பின்புறத்துக்கே கொண்டுசெல்லும் குழாய்க் கருவிகள். மதுரையின் ஆரோலேப் 2013இல் குறைந்த விலையில் அத்தகைய கருவியைக் கொண்டுவந்தது, விலையால் அதுவரை எட்டாதிருந்த பலருக்கு வழி திறந்தது. ஆயினும் குழாயின் தகட்டைச் சுற்றியும் உடல் தழும்பு உறையை நெய்கிறது. உடலோடு செய்யும் பேரம் முடிவதில்லை. மைட்டோமைசின் இன்றும் அரங்குகளில் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த வரலாற்றில் மருத்துவ இதழ்கள் அதிகம் பேசாத ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. அது மொழியின் பகுதி. அறுவைக்குப் பின் ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ கொப்புளம் தொற்றும்போது முதலில் தெரியும் அடையாளம் கண் சிவப்பதுதான். தென்னிந்தியாவில் சிவந்த கண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் ‘மெட்ராஸ் ஐ’. மலையாளத்தில் ‘செங்கண்ணு’. முதற்பெயரின் தோற்றத்தை வழக்கமாக 1918இல் சென்னையில் பரவிய கண் நோயோடு இணைத்துச் சொல்வர். எலியட்டுக்குப் பின் அதே எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பாட்ரிக் அந்நோய்ப் பரவலை 1920இல் இதழொன்றில் விவரித்தார். தாமதத் தொற்றைத் தந்த அறுவையும், அத்தொற்றை மறைக்கும் பெயரும் ஒரே கட்டடத்தோடு தொடர்புடையவை என்பது வரலாற்றின் விந்தை.

‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயருக்குள் ஒரு மருத்துவ அறிவுரையும் ஒளிந்திருக்கிறது: பரவும், ஒரு வாரத்தில் தானே போய்விடும், கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் போதும். பெரும்பாலோருக்கு அது சரியான அறிவுரை. கொப்புளம் உள்ள கண்ணுக்கு அதுவே பேரிடர். திருவனந்தபுரத்தில் அறுவை செய்துகொண்டு நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ திரும்பிய ஒருவருக்கு மழைக்காலத்தில் கண் சிவந்தால், அவர் காதில் விழக்கூடியது இவ்விரு பெயர்களில் ஒன்றுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து ஸ்டீராய்டாக இருந்தால் சிவப்பு தற்காலிகமாகத் தணியும். உள்ளே தொற்று தொடரும். மணிக்கணக்கில் முடிவாக வேண்டிய ஒன்று நாள்கணக்கில் தள்ளிப்போகும்.

நோயின் பெயரும் இதற்கு உதவுவதில்லை. கிளாக்கோமா என்பது நீலப்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் அது ‘காலா மோதியா’, கருமுத்து. தமிழில் ‘கண் அழுத்த நோய்’ என்பது பொருள் பொதிந்த ஆக்கம். ஆனால் பேச்சில் அது ‘கண் பிரஷர்’ ஆகி, இரத்த அழுத்தத்தோடு குழம்புகிறது. ‘பிளெப்’ என்பதற்கோ பேச்சுவழக்கில் சொல்லே இல்லை. மேல் இமைக்குள் ஒரு கொப்புளம் வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகிறது, அது இருப்பதே சிகிச்சை, அது இருக்கும்வரை ஆபத்தும் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு பெயர் தேவை. பெயரில்லாத ஒன்றைக் காக்குமாறு யாரையும் எச்சரிப்பது கடினம்.

தழும்புத் தடுப்பு மருந்துகள் ஏராளமான கண்களில் பார்வையைக் காத்திருக்கின்றன. அவை இல்லாதிருந்தால் அறுவை தோற்றிருக்கக்கூடிய கண்களின் கணக்கை மேற்சொன்ன ஆய்வுகளே தருகின்றன. ஆகவே மருந்தைக் குற்றவாளியாக்குவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1909 முதல் இன்றுவரை இவ்வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது வேறொன்று. ஆறாமல் வைக்கப்பட்ட புண்ணுக்கு வாழ்நாள் காவல் தேவை. அந்தக் காவலின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, நோயாளியின் வீட்டில், அவருடைய மொழியில் நடக்கிறது. அறுவை அரங்கில் மருந்தின் செறிவை மில்லிகிராமில் அளக்கும் அதே கவனத்தோடு, வீடு திரும்புபவரிடம் ஒரு வாக்கியம் சேர்க்கப்பட வேண்டும்: அறுவை செய்த கண் எத்தனை ஆண்டு கழித்துச் சிவந்தாலும் அது மெட்ராஸ் ஐ அன்று, செங்கண்ணும் அன்று, அன்றைக்கே மருத்துவரிடம் வர வேண்டும்.